தவசி போட்ட மஞ்சள் கோடு

திருவிழா மைதானத்தில் ராட்சத ராட்டினத்தை மாட்டியாகிவிட்டது. பதினாறு தொட்டி, தொட்டிக்கு நாலு போல்ட். ஆக அறுபத்து நான்கு. அவற்றை முடுக்குவது காசிமாயனின் வேலை. அவருடைய ஸ்பேனர் நீளமானது. வேண்டிய இறுக்கம் வந்ததும் 'டிக்' என்று ஒரு சிறு உதறல் கொடுக்கும். அது பிடித்திருக்கும் கைக்குத்தான் தெரியும். பிறகு, முடுக்கியவரே போல்ட் தலையிலிருந்து தகடு வரை மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு போடவேண்டும். கோடு இருந்தால் அவர் பொறுப்பேற்றார் என்று அர்த்தம். ராட்டினக்காரர்களின் வழக்கம் இது.

அன்று பெயின்ட் வரத் தாமதமாயிற்று. காசிமாயன் எல்லாவற்றையும் முடுக்கிவிட்டுச் சாப்பிடப் போனார். அதற்குள் டப்பா வந்தது. கீழே நின்று வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் மைத்துனன் தவசி, மச்சானுக்கு உதவியாக இருக்கட்டும் என்று தானே எல்லாவற்றுக்கும் கோடு போட்டுவிட்டான்.

ராட்டினம் கோசலையுடையது. அந்த மைதானத்தில் அவளுக்கு இது முதல் வருஷம். சாயங்காலம் டிக்கெட்டுக்கு நீண்ட வரிசை. பக்கத்தில் வேறொருவருடைய ராட்டினம் சுற்றத் தொடங்கிவிட்டது.

"அக்கா, கோட்டைப் பாத்தீங்களா? மச்சான் போட்டா காக்கா கிறுக்குன மாதிரி இருக்கும். நான் போட்டது கோலம்!" என்றான் தவசி.

"நீயா போட்ட?"

"ஒண்ணு விடாம அவர் முடுக்குனத என் கண்ணால பாத்தேங்க்கா."

கோசலை டிக்கெட் கொடுப்பதை நிறுத்தினாள். வரிசைக்கு முன்னாலேயே, சாப்பிட்டுத் திரும்பியிருந்த காசிமாயனிடம், "அண்ணே, கோடு எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேருந்து முடுக்குங்க" என்றாள்.

"சுத்துமா, சுத்தாதா? அந்தப் பக்கம் போயிரட்டுமா?" என்று வரிசையில் ஒருவர் கத்தினார்.

காசிமாயனுக்கு முகம் சிவந்துவிட்டது. "என் கை மேல சந்தேகமா, தங்கச்சி? இந்தா, எம் மக பொன்மலரை முதல் தொட்டியில ஏத்துறேன். அப்புறம் பேசு."

சிறுமி சந்தோஷமாகத் தொட்டிக்குள் கால் வைத்தாள். கோசலை அவளை இறக்கிவிட்டாள். "இப்ப வேணாம்டி ராசாத்தி."

தவசி பார்த்ததாகச் சொன்னதில் பொய் இல்லை. காசிமாயன் தன் மகளையே ஏற்றத் துணிந்தார். கோசலை, வந்த கூட்டம் போனாலும் போகட்டும் என்று நின்றாள். இந்த மூவரில் யார் செய்தது சரி? ஒரு முடிவுக்கு வந்தபிறகு கீழே படியுங்கள்.

விடை: கோசலை செய்ததே சரி. ஸ்பேனர் திரும்பியதைத் தவசி பார்த்திருக்கலாம்; உதறல் வந்ததா என்று கண்ணுக்குத் தெரியாது. மகளை ஏற்றினால் காசிமாயனின் தைரியம் தெரியும், போல்ட்டின் இறுக்கம் தெரியாது. மறுபடி முடுக்கிப் பார்த்தபோது அறுபத்து நான்கும் சரியாகவே இருந்தன. அதற்காகக் கோசலை செய்தது வீண் என்று ஆகிவிடாது. வரிசையில் பாதிப் பேர் போய்விட்டார்கள்; மீதிப் பேர் உட்கார ராட்டினம் நன்றாகவே சுற்றியது. கோசலையிடம் ஒரே ஒரு குறை, ஊர் பார்க்க அதைச் சொன்னது. அவளே போய் வருத்தம் தெரிவித்தாள். காசிமாயன் சிரித்துவிட்டார். "விடு தங்கச்சி. அடுத்த ஊர்லயும் இப்படியே கேளு. ஆனா காதோட கேளு."