கைப்பிடிச்சுவர் இல்லாத இடம்

வேதக்கனியிடம் ஒரு நோட்டு இருந்தது. வேதாகமத்தில் வருகிற கட்டளைகளை ஒன்று விடாமல் அதில் எழுதி வைத்திருந்தாள். இன்றைக்கும் கைக்கொள்ள வேண்டியதற்குப் பச்சைக் குறி. அந்தக் காலத்து ஜனங்களுக்கு மட்டும் சொன்னது என்று அவளுக்குத் தோன்றியதற்குச் சிவப்புக் கோடு.

மூன்று வருஷமாக, வியாழக்கிழமைதோறும், அந்த நோட்டோடு உபதேசியாரிடம் வேதம் படிக்கப் போனாள். உபதேசியார் தானியேல்துரைக்கு அவளைவிட எட்டு வயது குறைவு. கோயிலில் “உபதேசியாரே” என்பாள். கடைத்தெருவில் பார்த்தால் மறந்துபோய் “தம்பி” என்றுவிடுவாள். அவர் இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பார்.

ஒரு வியாழக்கிழமை கேட்டாள்.

“உபதேசியாரே, மோசே சொன்னதெல்லாம் ஆடு மாடு மேய்ச்சுக்கிட்டுக் கூடாரத்துல கிடந்தவங்களுக்கு. நமக்கு பஸ்ஸு, மிக்ஸி, செல்போனுன்னு காலம் எங்கயோ போயிட்டு. அதுல எதைத்தான் ஆண்டவர் இன்னைக்கும் நம்மகிட்ட எதிர்பார்க்காரு?”

அவர் நோட்டைத் திறக்கவில்லை.

“புது வீட்டு வேலை முடிஞ்சிட்டாக்கா?”

“முடிஞ்ச மாதிரிதான். வார ஞாயித்துக்கிழமை பிரதிஷ்டை. நீங்க வராம இருந்திராதீங்க.”

“அங்க வந்து சொல்லுதேன்.”

வேதக்கனி அந்த வீட்டைப் பயபக்தியோடு கட்டியிருந்தாள். வாசலில் கருங்கல் பலகையில் வசனம். மாடிப்படிக் கூரைமேல் விளக்கு எரிகிற சிலுவை. கொத்தனார் எவ்வளவு கெஞ்சினாலும் ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்லைத் தொட விட்டதில்லை. ஓய்வுநாள் என்றால் ஓய்வுநாள்.

மாடியில் நாலு பக்கமும் கைப்பிடிச்சுவர் எழும்பியிருந்தது. பின்பக்கம் மட்டும் ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்காருகிற அகலத்துக்குத் திறந்து கிடந்தது. மணலையும் கல்லையும் கயிறு போட்டு மேலே இழுக்க விட்ட இடம். சனிக்கிழமை அடைத்துவிடுகிறேன் என்ற கொத்தனார் காய்ச்சலில் படுத்துவிட்டார். நேர் கீழே உடைத்த ஜல்லி குவிந்து கிடந்தது.

அவள் கணவன் சாலமோன்ராஜ் அந்த இடைவெளிக்குக் குறுக்கே சீரியல் லைட்டைக் கட்டிவிட்டான்.

“எப்படி இருக்கு? எவனாவது இங்க சுவர் இல்லன்னு சொல்லுவானா?”

பச்சையும் சிவப்புமாக மினுக்கியது. வேதக்கனிக்கும் அழகாகத்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபையே திரண்டு வந்தது. குருவானவர் ரிப்பன் வெட்டி ஜெபித்தார். மாடியில் பந்தல் போட்டுப் பந்தி. பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு பலூன். மாடி முழுக்க ஓட்டமும் கூச்சலும்.

உபதேசியார் வந்தார். கருங்கல் பலகையை நிதானமாகப் படித்தார். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மாடி ஏறினார். மாடியை ஒரு சுற்றுச் சுற்றி, நேரே அந்த இடைவெளிக்குப் போய், வெளிப்பக்கம் முதுகைக் காட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் தலைக்குப் பின்னால் பனைமர உச்சிகளும் வானமும்தான் இருந்தன.

“என்ன உபதேசியாரே, பந்தியில இடமில்லையா?” என்று ஒருவர் கேட்டார்.

“இருக்கே.”

“பிறகு?”

“இங்க நல்லாக் காத்து வருது.”

எல்லாரும் சிரித்தார்கள். சாலமோன்ராஜுக்கு முகம் சுண்டிவிட்டது. “குஷன் நாற்காலி போட்டு வச்சிருக்கேன். இவரு சுவரில்லாத இடமாப் பாத்து உக்காருதாரு. ஊருக்கே காட்டிக் குடுக்காரு, பாத்தியா?” என்று வேதக்கனியின் காதைக் கடித்தான்.

அவள் ஒரு தட்டில் பிரியாணியை வைத்து எடுத்துக்கொண்டு போனாள். குனிந்து மெல்லச் சொன்னாள்.

“தம்பி, எழும்பி வாங்க. எங்க மானம் போகுது.”

“நான் எழும்பினா இங்க யாரு இருப்பா, அக்கா?”

“விளையாடாதீங்க. கேட்ட கேள்விக்கு வந்து சொல்லுதேன்னீங்களே, அதையாவது சொன்னீங்களா?”

“சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்.”

அவள் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு விறுவிறுவென்று திரும்பினாள்.

அப்போதுதான் அவள் மகள் ஜெமீமாவின் பலூன் கை நழுவியது. நாலு வயதுப் பிள்ளை. அண்ணாந்து பலூனையே பார்த்துக்கொண்டு ஓடி வந்தாள். வேதக்கனி கையை நீட்டினாள். எட்டவில்லை.

பிள்ளை தட்டை மிதித்து, உபதேசியாரின் நெஞ்சில் வந்து மோதினாள். மோதின வேகத்தில் சீரியல் லைட்டு அறுந்து வெளியே தொங்கியது. அவர் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவளை வளைத்துக்கொண்டார். பலூன் அவர் தலைக்கு மேலே போய், பனைமரங்களைத் தாண்டிப் போயேவிட்டது.

“மாமா, பலூன்!”

“போவட்டும், மக்கா.”

வேதக்கனி அவர் தோளுக்கு மேலே எட்டிக் கீழே பார்த்தாள். ஜல்லிக்கல் வெயிலில் பளபளத்தது.

பிறகு கீழே போனாள். நோட்டை எடுத்துப் புரட்டினாள். கடைசியில் கிடைத்தது. அவள் கையெழுத்துதான். புது வீடு கட்டினால் மாடியிலிருந்து யாரும் விழாதபடி கைப்பிடிச்சுவர் வைக்க வேண்டும். அதன்மேல் நேராக, அடிக்குச்சி வைத்து இழுத்த சிவப்புக் கோடு. பக்கத்தில், ‘அந்தக் காலத்து வீடுகளுக்கு.’

மறுபடியும் மாடி ஏறினாள். ஜெமீமா உபதேசியார் மடியில் உட்கார்ந்து அப்பளம் தின்றுகொண்டிருந்தாள். அவர் சட்டையெல்லாம் பிரியாணிச் சோறு.

“கீழே கல்லு கிடக்கு, சிமெண்டு கிடக்கு. நானே அடுக்கிருவேன்” என்றாள். “ஆனா இன்னைக்கு ஓய்வுநாளு. நான் யாரையும் தொட விட்டதில்லையே.”

“தொட வேண்டாம்.”

“அப்போ?”

“அதான் நான் சும்மா உக்காந்திருக்கேன்.”

“நாளைக்குக் கொத்தனார் வார வரைக்குமா?”

“வார வரைக்கும்.”

வேதக்கனி பட்டுச்சேலையை ஒதுக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சாலமோன்ராஜ் கோபமாக வந்தான். வந்தவன் எட்டிக் கீழே பார்த்தான், மகளைப் பார்த்தான். அதற்குப் பிறகு பந்திக்குத் திரும்பிப் போகவில்லை.

கூட்டம் கலைந்தது. பந்தல் துணி காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. பிள்ளை உபதேசியார் மடியிலேயே தூங்கிவிட்டாள். வேதக்கனி மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“உபதேசியாரே, ஆண்டவர் இதைச் சொல்லும்போது அந்த ஜனங்களுக்கு வீடே கிடையாதே. வனாந்தரத்துல கூடாரம் போட்டுல்லா கிடந்தாங்க? மாடி ஏது, சுவரு ஏது? அவங்ககிட்ட போய் இதை எதுக்குச் சொன்னாரு?”

உபதேசியார் பிள்ளையின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டார்.

“விழப்போற பிள்ளை யாருன்னு அவருக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும்க்கா.”