ஊளையிடும் இறக்கை

சரியான விடை கிடைத்தால் துயரம் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்தப் புதிரைத் தொட வேண்டாம். இதற்கு விடை உண்டு. அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

கோயம்புத்தூரில் பம்பு ஃபவுண்டரி நடத்திய நஞ்சப்பனிடம், பச்சை நிறத்தில் இரண்டே இருக்கை கொண்ட பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. இளமையில் அதைச் சோழவரம் பந்தயங்களில் ஓட்டினார். அங்கே ஒருமுறை, யாரோ மறந்து வைத்த ஸ்பேனர் ரேடியேட்டருக்குப் பின்னால் சுழலும் இரும்பு ஃபேனில் சிக்க, ஓர் இறக்கை மடங்கிப் போயிற்று. நஞ்சப்பன் அதைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி மாட்டினார். அன்று முதல், வேகம் கூட்டினால் அந்த ஃபேன் ஊளையிடும். வேறெந்தக் காரிலும் கேட்காத ஊளை அது. மகள் தெய்வானை சிறுமியாக இருந்தபோது, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஓடும் எஞ்சின்மேல் எட்டிக் குனிந்தாள். அவர் அவளைப் பின்னால் இழுத்துக் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். வாழ்நாளில் அவளை அவர் அடித்தது அந்த ஒரு முறைதான்.

இப்போது தெய்வானையின் தலை நரைத்துவிட்டது. நஞ்சப்பனுக்கு நினைவு போய்விட்டது. மனைவி இறந்ததும் தெரியாது, சற்றுமுன் சோறு உண்டதும் தெரியாது. குளிப்பாட்டி, மலம் துடைத்து, ஊட்டிவிடும் மகளை “நர்சம்மா” என்று கூப்பிடுவார்.

மாலையில் மட்டும் ஒரு விலக்கு இருந்தது. தெய்வானை காரைக் கிளப்பி, ஸ்டியரிங்கின் பின்னால் அமர்ந்தபடி ஆக்சிலேட்டரை மிதிப்பாள். ஊளை எழும். நஞ்சப்பன் வீட்டுக்குள்ளிருந்து வருவார். பானெட்டைத் தூக்கி, ஃபேனுக்கு நேர்மேலே குனிந்து, காது கொடுத்துக் கேட்பார். பிறகு நிமிர்ந்து, “தெய்வா, வண்டி நல்லா இருக்குது. எடு” என்பார். அவ்வளவுதான். மறுநாள் மாலைவரை அவள் உயிர் தரித்திருந்தது அந்தச் சொற்களில்.

ஒருநாள் ரேடியேட்டர் கொதித்துத் தண்ணீரைக் கக்கியது. நெடுநாளாக அந்தக் காரைப் பார்த்துவந்த மெக்கானிக் மயில்சாமி, ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். அப்போது ஃபேனையும் பார்த்தார்.

“அம்மணி, தட்டி நிமித்துன எடத்துல விரிசல் உட்ருக்குது. ரேஸ் குடுக்கறப்ப தெறிச்சுதுன்னா மூஞ்சியில வந்து சொருகுமுங்க. அதே அளவுல புதுசு பண்ணி மாட்டிர்லாம்.”

“சத்தம் மாறீரும். இதையே மாட்டுங்க.”

மாட்டினார். அதன் பிறகும் மாலைகள் வழக்கம்போல் நடந்தன. மயில்சாமிக்கு மனம் கேட்கவில்லை. பெங்களூரில் இருக்கும் தெய்வானையின் தம்பி நந்தகுமாரிடம் சொல்லிவிட்டார். நந்தகுமார் உடனே போன் செய்தான்.

“ஏக்கா, உனக்கென்ன கிறுக்கா? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் ஊருக்கு என்ன பதில் சொல்றது?”

“நீ ஊருக்குப் பதில் சொல்லீட்டே இரு. பொங்கலுக்குப் பொங்கல் வந்து அப்பனோட போட்டோ எடுத்துட்டுப் போறயே, அந்த வேலையை வேற ஆரு பாப்பாங்க?”

“அந்தச் சத்தந்தானே வேணும்? போன்ல புடிச்சுப் போட்டுக் காட்டு.”

“காட்டினேன். டிவியை அமத்தச் சொன்னாரு.”

கார் நந்தகுமாரின் பெயரில் இருந்தது. அவன் ஃபேனை மாற்றச் சொல்லிவிட்டான். தெய்வானை மயில்சாமியிடம் ஒன்று மட்டும் கேட்டாள்: “பழசை நீங்களே வெச்சிருங்க. நான் கேக்கறன்னிக்கு ஒடையாம கொள்ளாம, இருக்கறபடியே தரோணும்.”

“தர்றேனுங்க அம்மணி. சத்தியமா.”

புது ஃபேன் அளவு பிசகாமல் அமைந்தது, கார் கொதிக்கவில்லை. அன்று மாலை அவள் ஆக்சிலேட்டரை மிதித்தாள். சீரான காற்றின் ஓசைதான் எழுந்தது. யாரும் வெளியே வரவில்லை. அவளே போய் நஞ்சப்பனைக் கைப்பிடித்து அழைத்துவந்தாள். அவர் குனிந்து கேட்டார். பானெட்டை மெதுவாக மூடினார். அந்நியரிடம் பேசும் மரியாதையோடு கேட்டார்: “நீங்க ஆருங்க? எங்க வண்டி எங்கீங்க?”

தெய்வானை நேரே பட்டறைக்குப் போனாள். “பழசைக் குடுங்க.”

மயில்சாமி ஒரு சாக்கைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தார். உள்ளே, இறக்கை இறக்கையாக வெட்டப்பட்ட இரும்பு.

“சத்தியம் பண்ணுனீங்களே!”

“பண்ணுனேன். தவறீட்டேனுங்க. நீங்க கேப்பீங்கன்னு தெரியும். கேட்டா என்னால இல்லைன்னு சொல்ல முடியாதுன்னும் தெரியும். என்னை என்ன வேணாலும் திட்டுங்க அம்மணி. இது இனி சுத்தாது.”

தெய்வானை சாக்கைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினாள்.

விரிசல் தெரிந்தும், தந்தையின் வாயில் தன் பெயர் நிலைக்க வேண்டும் என்று ஃபேனைச் சுழலவிட்டவள் தெய்வானை. அந்த ஊளை என்ன தந்தது என்பதைக் கண்ணால் பாராமலே மாற்றச் சொன்னவன் நந்தகுமார். சத்தியம் செய்துவிட்டு, அதையும் ஃபேனையும் சேர்த்தே துண்டாக்கியவர் மயில்சாமி. இம்மூவரில் யார் செய்தது சரி?

விடை: மயில்சாமி செய்ததே சரி. நந்தகுமாரின் முடிவில் பிழையில்லை. ஆனால் அவன் அஞ்சியது ஊர்வாய்க்கு. தெய்வானை ஆபத்தைத் துணிந்து ஏற்றாள் என்று பரிந்து பேசலாம். அவள் ஏற்றது பிறர் ஆபத்தை: அவள் ஸ்டியரிங்கின் பின்னால் இருந்தாள், ஃபேனுக்கு நேர்மேலே இருந்தது அவர் முகம். நஞ்சப்பனின் விருப்பத்தை யார் அறிவார் என்றும் கேட்க முடியாது. அறிவு தெளிவாக இருந்த நாளில், ஓடும் ஃபேன்மேல் குனிந்த மகளை அறைந்து, அவர் தம் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். மயில்சாமி அவருக்குச் செய்தது அதையே. இது தெய்வானைக்கும் தெரியும். அந்த அறையை வாங்கியவள் அவள். இன்றும் மாலையில் அவள் காரைக் கிளப்பி ஆக்சிலேட்டரை மிதிக்கிறாள். எஞ்சின் சூடேறாமல், குறையில்லாமல் ஓடுகிறது. வீட்டிலிருந்து யாரும் வருவதில்லை.