இடிக்காத டிரைவர்

இடியாப்பம் விற்கிற செல்லக்கிளிக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடிந்தால் கல்யாண வீட்டு ஆர்டர். வாங்கிய பழைய காருக்கோ இன்னும் இன்சூரன்ஸ் இல்லை. காலையிலிருந்து இன்சூரன்ஸ் ஆபீசில் நடையாய் நடக்கிறாள்.

மேனேஜர் குருநாதன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "புது டிரைவருக்குப் பிரீமியம் ரெண்டு மடங்குதான். தள்ளுபடி வேணும்னா, இதுவரைக்கும் எங்கேயும் இடிக்காத டிரைவரைக் கூட்டிட்டு வாம்மா!"

ஆபீசே சிரித்தது.

"நான்தான் சார் அது. நேத்துதான் லைசென்ஸ் வந்துச்சு. பழகுன வண்டியிலயும் பிரேக்கை மிதிச்சதெல்லாம் வாத்தியார்தான். எங்க போயி இடிக்க?"

"இருபது வருஷமா கார் ஓட்டுறவன்கிட்டயே வாயடிக்கிறியா?"

"வாசல்ல பம்பரைக் கயித்தால கட்டி நிக்கிறது உங்க கார்தானே சார்? அதுக்கு எத்தனை மடங்கு வாங்குனாங்க?"

குருநாதன் பேனாவை எடுத்தார். தள்ளுபடித் தாளில் கையெழுத்துப் போட்டார்.