சுவத்துல ஓடுன ஆறு

ஏட்டி பூரணி, கண்ணை மூடு, காதை மட்டும் திறந்து வை. அத்தை சொல்லுதேன்.

ஒரு ஆத்தங்கரை ஊர்ல ஒரு வெள்ளையடிக்கிறவ இருந்தா. ம் கொட்டு.

"ம்."

நல்ல அழகி. சிரிக்காத, கதையில அப்படித்தான் இருக்கு. அவளுக்கு ஒரே ஆசை. பஞ்சாயத்து ஆபீஸ் சுவத்துல அந்த ஊர் ஆத்தை வரையணும். தலைவர்ட்ட போய்க் கேட்டா. "சுண்ணாம்பு அடிக்கிற உனக்குப் படம் எதுக்கும்மா?"ன்னாரு. "குடுத்துத்தான் பாருங்களேன்"னா. சரின்னுட்டாரு.

அப்போ முதல்ல மீனு, பாலம், நாணல்னு ஒண்ணு விடாம வரைஞ்சா. ஊரே பிரமாதம்னுச்சு. அவ மட்டும் உத்துப் பாத்துட்டு, "தண்ணி ஓடலையே"ன்னா. சரக் சரக்னு தானே வெள்ளையடிச்சு அழிச்சுட்டா! அப்புறம் நீலநீலமா அலை போட்டா. அது காயப்போட்ட சேலை மாதிரி தொங்குச்சு. சரக் சரக், அதுவும் போச்சு.

தலைவருக்கு வந்துச்சே கோவம்! "இன்னும் ஒரே தடவ. எனக்குப் பிடிக்கலைன்னா நீயே அழிச்சுட்டு, இனிமே வெள்ளையைத் தவிர வேற கலரே தொடக்கூடாது!"

தூங்கிட்டியா?

"ம்ஹும்."

அப்புறம் அவ மூணு நாளு ஆத்துல இடுப்பளவு தண்ணியில போய் நின்னா. சலசலன்னு வருது, களுக்குன்னு சுழிக்குது, விறுவிறுன்னு போவுது. அந்த வேகம் உடம்புல ஏறிட்டு. நேரா சுவத்துக்கு வந்தா. மீன் இல்ல, பாலம் இல்ல. செம்மண் கலர், பாசிப்பச்சை, வெயில் மஞ்சள், எல்லாத்தையும் தோள்லேருந்து ஒரே வீச்சா சளக் சளக்னு இழுத்தா.

ஊரு கூடிட்டு. "பெயிண்டு கொட்டிப்போச்சா?"ன்னு ஒருத்தர். "மீன் எங்க?"ன்னு ஒருத்தர். எனக்கு நெஞ்சு... அவளுக்கு நெஞ்சு திக்திக்குன்னுச்சு. "சுண்ணாம்பு வாளியை எடு"ன்னு சொல்லிக்கிட்டே தலைவர் கிட்ட வந்தாரு. வந்தவரு நின்னாரு. என்ன செஞ்சாரு தெரியுமா? செருப்பைக் கழத்திக் கையில எடுத்தாரு. வேட்டியை முழங்காலுக்கு மேல தூக்கிப் பிடிச்சாரு!

ஆபீஸ்லேருந்து ஆறு இருக்கது ஒரு மைல் தள்ளி. நம்ம ஊர்ல தண்ணியில இறங்கும்போதுதானே அப்படிச் செய்வாவ! ஊரே கொல்லுன்னு சிரிச்சுது. அவரு குனிஞ்சு பாத்தாரு, வெறுந்தரை. மெதுவா வேட்டியை இறக்கி விட்டுட்டு, "வாளியை வீட்டுக்குக் கொண்டு போம்மா"ன்னாரு. அந்தப் பெருமை இருக்கே, இப்பவும் நெஞ்சு கொள்ளல.

"அவ யாரு அத்தை?"

அதான் முதல்லயே சொன்னேனே, நல்ல அழகின்னு. கதை கரையேறிட்டு, நீ தூங்கு.