ஆமென் சொன்ன அகப்பை

ஆசீர்விளை என்று ஓர் ஊர். ஊர் நடுவில் ஒரு வேதக்கோயில். கோயிலுக்குப் பின்னால் ஓலை வேய்ந்த சமையல் கொட்டகை. கொட்டகைச் சுவரில் ஓர் ஆணி. அந்த ஆணியில் ஓர் அகப்பை தொங்கிக்கொண்டிருந்தது.

பெரிய தேங்காய்ச் சிரட்டை ஒன்று, அதில் செருகிய பூவரசம் பிடி ஒன்று. அவ்வளவுதான் அதன் உடம்பு. வருஷம் முழுக்கச் சும்மா தொங்கும். ஒரே ஒரு நாள் கீழே இறங்கும். அது அசனத்து அன்றைக்கு.

கோயில் பண்டிகை முடிந்த மறுநாள் ஊர் முழுவதற்கும் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே குழம்பை எல்லாரும் வாங்கிச் சாப்பிடுவார்கள். அதற்குத்தான் அசனம் என்று பேர். ஆளுக்கொரு வாளியோடு வரிசையில் நிற்பார்கள். குழம்பு வேகிற பாத்திரத்துக்கு வார்ப்பு என்று பேர். ஓர் ஆடு உள்ளே இறங்கிக் குளிக்கலாம், அவ்வளவு பெரிசு.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சபைக்காக ஜெபம் பண்ணுகிறவர் கையில் இந்த அகப்பையைப் பிடித்துக்கொண்டுதான் ஜெபம் பண்ணவேண்டும். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்ததும், வரிசையில் முதலாவது நிற்கிறவர் வாளியில் அவரே ஓர் அகப்பை குழம்பு ஊற்றவேண்டும். அது விழுந்த பிறகுதான் எவர்சில்வர் கரண்டிகள் வார்ப்புக்குள் இறங்கலாம். அது விழாமல் ஒருத்தருக்கும் ஒரு துளி கிடையாது.

போன வருஷம் அந்த வரிசையில் தங்கபுஷ்பம் நின்றாள். அவள் முறை வந்தபோது, "அடுத்த ஆள் வாங்க" என்று ஒரு குரல் கேட்டது. சபைக் கமிட்டித் தலைவர் வேதமாணிக்கத்தின் குரல் அது.

விஷயம் இதுதான். வேதமாணிக்கம் தன் விளை நிலத்துக்கு வேலி கட்டும்போது கோயில் நிலத்துக்குள் நாலு முழம் தள்ளிக் கட்டிவிட்டார். அதைச் சபை நடுவே எழுந்து நின்று கேட்டவர் தங்கபுஷ்பத்தின் புருஷன் சாலமோன். வேலி பின்னால் போனது. வேதமாணிக்கத்தின் கோபம் போகவில்லை. பிறகு சாலமோன் காய்ச்சலில் செத்துப்போனார். அப்போதும் கோபம் சாகவில்லை. "அந்த வீட்டு வாளிக்குக் குழம்பு கிடையாது" என்று கமிட்டியில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார்.

ஆசீர்விளையில் அசனம் கிடைக்காத வீடு ஊரில் இல்லாத வீடு. அதன் நல்லதுக்கும் கெட்டதுக்கும் யாரும் படி ஏறமாட்டார்கள். ஒரு தடவை மறுத்தால் கோபம் என்பார்கள். இரண்டாவது தடவையும் மறுத்தால் அதோடு சரி. அந்த வீடு தள்ளிவைத்த வீடுதான்.

காலி வாளியோடு தங்கபுஷ்பம் திரும்பி நடந்தபோது அந்த வாளி கணீர் கணீர் என்று அவள் முழங்காலில் இடித்துக்கொண்டே போனது. அந்தச் சத்தம் அகப்பையின் காதில் ஒரு வருஷமாய்க் கேட்டுக்கொண்டிருந்தது.

அகப்பைக்குக் காது ஏது, வாய் ஏது என்று கேட்பீர்கள். கேட்கிறவர்கள் எப்போதாவது ஓர் அகப்பையைப் பேச விட்டிருக்கிறீர்களா?

இந்த வருஷ அசனத்து அன்று காலையில் சமையல்காரர் ஞானையா அகப்பையைக் கழுவி வார்ப்பின் விளிம்பில் சாத்திவைத்தார். அப்போது அகப்பை மெதுவாய்ச் சொன்னது: "இந்தத் தடவை நானும் ஆமென் சொல்லப் போறேன்."

வார்ப்பு வயிறு குலுங்கச் சிரித்தது. "ஏல, அது மனுஷன் சொல்லுத வார்த்தை. நமக்கு எதுக்கு?"

"ஜெபத்தை நானுந்தான கேக்கேன். கேட்டா பதில் சொல்லணும்லா."

"நாப்பது வருஷமா நானுந்தான் கேக்கேன். இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுருவேன். கொதிக்கதுதான் என் சோலி. ஆமென்னு சொல்லிட்டா மாட்டிக்கிடுவல. அப்படியே ஆகட்டும்னு அர்த்தம். ஆகலைன்னா யாரு பொறுப்பு?"

எவர்சில்வர் கரண்டி பளபளவென்று எட்டிப் பார்த்தது. "அது வருஷத்துக்கு ஒரு நாள் வேலை பாக்குத ஆளு அண்ணாச்சி. யோசிக்க நேரம் நெறய. சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும்னு ஊரே சொல்லுது. இதுக்குத் தனியா ஒரு புத்தி எதுக்கு?"

"சரிதாம்வே" என்றது அகப்பை. "சட்டியில நெறய இருந்தும் அகப்பையில வரலைன்னா, அப்ப யாரைச் சொல்லுவாங்க?"

கரண்டி முதுகைத் திருப்பிக்கொண்டது.

உச்சி வெயிலில் கோயில் மணி அடித்தது. ஊர் திரண்டது. வரிசை கொட்டகையிலிருந்து கோயிலைச் சுற்றி, ரோட்டுப் புளியமரம் வரைக்கும் நீண்டது. முதல் இடத்தில் வேதமாணிக்கம் தன் சம்பந்தியை நிறுத்திவைத்திருந்தார். சம்பந்தி கையில் புது வாளி. அதன் ஓரத்தில் ஒட்டியிருந்த கடைச் சீட்டைக்கூட இன்னும் கிழிக்கவில்லை.

வேதமாணிக்கம் வெள்ளை வேட்டி சலசலக்க வந்து, அகப்பையைப் பிடித்து வார்ப்புக்குள் விட்டுக்கொண்டு, கண்ணை மூடினார்.

அவர் ஜெபத்துக்கு அந்த வட்டாரத்திலேயே பேர். ஆதாமில் ஆரம்பித்து ஆடு வாங்கிக் கொடுத்தவர் வரைக்கும் வருவார். நடுவில் குரல் தழுதழுக்கும். அன்றைக்கும் தழுதழுத்தது.

"ஆண்டவரே, சமாதானத்தின் தேவனே! எங்களுக்கு எதிரே வந்து நிற்கிறது யாராயிருந்தாலும், அவர்களுக்கு உம்முடைய சமாதானத்தைக் காட்ட எங்களுக்கு மனசு தாரும். நாங்கள் வாங்கின கிருபையை அளவு பார்க்காமல் அள்ளிக் கொடுக்க எங்கள் கையைப் பழக்கும். வீட்டிலும், வயலிலும், கடைத்தெருவிலும், இந்த வார்ப்பண்டையிலும் அப்படியே நடக்க எங்களுக்குக் கற்றுத்தாரும், சுவாமி..."

ஊர் முழுக்கக் கண்ணை மூடியிருந்தது. திறந்திருந்தது இரண்டு கண்தான். தங்கபுஷ்பத்தின் கண்.

அவள் புளியமரத்தடியிலிருந்து நடக்க ஆரம்பித்தாள். கையில் அதே பழைய வாளி. ஒளியவில்லை, பதுங்கவில்லை. கோயில் திருமணத்தில் பெண் நடந்து வருகிற மாதிரி நடந்தாள். வாளி மட்டும் மூச்சுப் பிடித்து, சத்தம் காட்டாமல் வந்தது. சம்பந்திக்கு முன்னால் ஒரு முழ இடம் இருந்தது. அதில் வந்து நின்றாள்.

"...ஆமென்!"

ஊர் ஆமென் சொன்னது. வார்ப்புக்குள்ளிருந்து இன்னொரு சின்னக் குரலும் ஆமென் சொன்னது.

வேதமாணிக்கம் கண்ணைத் திறந்தார். எதிரே தங்கபுஷ்பம்.

"ஒன்னை யாரு இங்க வந்து நிக்கச் சொன்னா?"

"நீங்கதான் இப்பக் கேட்டீங்க அண்ணாச்சி, எதிரே யாரு வந்து நின்னாலும்னு. வந்து நிக்கேன்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வேதமாணிக்கத்தின் முகம் கறுத்தது. "தள்ளி நில்லு. சம்பந்தி, நீங்க வாளியைக் காட்டுங்க" என்று அகப்பையைத் தூக்கினார்.

அகப்பை வரவில்லை.

இழுத்தார். வார்ப்பின் அடியில் வேர் விட்டதுபோல நின்றது. ஞானையா வந்து இழுத்தார். இன்னும் இரண்டு பேர் வந்து இழுத்தார்கள். அடியே பிய்ந்துவிடும்போல இருந்தது வார்ப்புக்கு.

"ஏல, விட்டுரு" என்று வார்ப்பு முனகியது. "என் அடி போயிரும்ல."

"விடமாட்டேன். ஆமென் சொல்லியிருக்கேன்."

அது எல்லார் காதிலும் விழுந்தது. வேதமாணிக்கம் குனிந்து, குழம்புக்குள் பார்த்துப் பேசினார். "ஒரு சிரட்டைக்கு இவ்வளவு திமிரா? யாரு கையில இருக்கன்னு தெரியுமா?"

"தெரியும் அண்ணாச்சி. ஜெபம் பண்ணுன கையில இருக்கேன். அந்தத் தைரியத்துலதான் பேசுதேன்."

"ஒடைச்சு அடுப்புல வச்சிருவேன்!"

"வையுங்க. சிரட்டை நல்லாத்தான் எரியும். ஆனா நீங்க சொன்னது சொன்னதுதான். அதைச் சாம்பலாக்க அடுப்பு கிடையாது."

"ஞானையா! எவர்சில்வரை எடும்வே!"

ஞானையா தலையைச் சொறிந்தார். "முதல் அகப்பை விழாம வேற கரண்டி இறங்கக்கூடாதுங்கது ஒங்க தாத்தா போட்ட சட்டம்லா அண்ணாச்சி. போன மாசங்கூட நீங்கதான் கமிட்டியில படிச்சீங்க."

எவர்சில்வர் கரண்டி நைசாய் நழுவி, அரிசிச் சாக்குக்குப் பின்னால் போய் விழுந்தது. பயமோ, வெட்கமோ, அதற்கே தெரியாது.

வேதமாணிக்கத்துக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பிடியை இரண்டு கையாலும் பற்றி, வார்ப்பு விளிம்பில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். பூவரசம் பிடி படீரென்று முறிந்தது. முறிந்ததை அடுப்பில் எறிந்தார்.

தன் பிடி சடசடவென்று எரிகிறதை அகப்பை கேட்டுக்கொண்டே குழம்புக்கு அடியில் கிடந்தது. இனி அதற்குக் கை இல்லை. இழுக்க ஆள் இல்லை, ஊற்றவும் வழி இல்லை. வெறும் சிரட்டை. 'இவ்வளவுதானா' என்று நினைத்தது. காலி வாளியின் சத்தம் மறுபடியும் காதில் கேட்டது.

அப்போது அடியிலிருந்து வார்ப்பின் குரல் வந்தது. தாழ்ந்த குரல், கனத்த குரல்.

"ஆமென்" என்றது வார்ப்பு. "நாப்பது வருஷத்துக்கும் சேத்துச் சொல்லுதேன்." சொல்லிவிட்டு, தன் வயிற்றிலிருந்து ஒரு பெரிய கொதிக் குமிழியைக் கிளப்பியது. அந்தக் குமிழி சிரட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தது.

சிரட்டை மிதந்தது. விளிம்பு வரைக்கும் குழம்பு, நடுவில் நல்ல கறித்துண்டு ஒன்று. மிதந்து மிதந்து நேரே வேதமாணிக்கம் நின்ற பக்கத்தில் வந்து முட்டியது.

"பிடி போச்சு அண்ணாச்சி" என்றது. "இனிமே ஒங்க கையாலதான் எடுக்கணும்."

வேதமாணிக்கம் குழம்பைப் பார்த்தார். ஆவி பறந்தது. வரிசையைப் பார்த்தார். வரிசை அவரைப் பார்த்தது.

அவர் வீட்டம்மா ஜெயபாக்கியம் பெண்கள் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தாள். "ஏங்க, ஜெபத்துக்கு நாங்களுந்தான ஆமென் சொன்னோம்? நீங்க ஊத்தாட்டா நாங்க அத்தனை பேரும் பொய் சொன்னமாதிரில்லா ஆவுது! சோறு ஆறுது, ஊத்துங்க."

"ஊத்தும்வே!" என்றார் பின்னாலிருந்து ஒருவர். "ஆதாமுல இருந்து நிக்கோம், காலு கடுக்கு!"

ஊர் சிரித்தது. சிரிப்பு அடங்கினதும் தங்கபுஷ்பம் வாளியை இன்னும் ஒரு சாண் முன்னால் நீட்டினாள். கெஞ்சவில்லை. கண்ணைத் தாழ்த்தவும் இல்லை.

வேதமாணிக்கம் குழம்புக்குள் கையை விட்டார்.

விரல் வெந்தது. பல்லைக் கடித்துச் சிரட்டையைத் தூக்கினார். பாதி வழியில் போட்டுவிடலாம்தான். போட்டால் யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள், சூடு அப்படி. அகப்பைக்கு அது தெரியும். ஒட்டிக்கொள்ளவும் அதற்கு இப்போது பலம் இல்லை. ஆனால் அவர் போடவில்லை. வாளிக்குமேல் கொண்டுபோய்க் கவிழ்த்தார். ஒரு துளி தரையில் விழவில்லை.

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. சூட்டினால் என்று சிலர் சொன்னார்கள், இல்லை என்று சிலர் சொன்னார்கள். அந்த ஊரில் அந்தத் தகராறு இன்னும் தீரவில்லை.

தங்கபுஷ்பம் வாளியைக் கீழே வைத்தாள். பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியில் முந்தானை ஓரத்தைக் கிழித்து நனைத்துக்கொண்டு வந்தாள். "கையை இங்க காட்டுங்க" என்று அந்த வெந்த விரல்களை வாங்கிச் சுற்றினாள். சுற்றிக்கொண்டே சொன்னாள்:

"இன்னுங் கொஞ்சம் நீட்டி ஜெபம் பண்ணியிருக்கலாம் அண்ணாச்சி. கொழம்பு ஆறியிருக்கும், கை தப்பிச்சிருக்கும்."

வேதமாணிக்கம் சிரிக்கவும் முடியாமல், அழவும் முடியாமல் நின்றார். "சாலமோனுக்கும்..." என்று ஆரம்பித்தார். முடிக்க வரவில்லை.

"தெரியுது" என்றாள் அவள். "இருங்க, இறுக்கிக் கட்டணும்."

வாளி நிறைந்துதான் வீட்டுக்குப் போனது. நிறைந்த வாளி சத்தம் போடாது.

ஞானையா அந்தச் சிரட்டைக்குப் புதுப் பிடி செருகி, ஆணியில் மாட்டினார். அடுத்த வருஷமும் அசனம் வந்தது. ஜெபம் பண்ண வாருங்கள் என்று சபைப் போதகரான ஐயர் கூப்பிட்டார். வழக்கமாய் நான் முந்தி நீ முந்தி என்று வருகிறவர்கள் எல்லாரும் பக்கத்து ஆளின் விலாவைத் தட்டினார்கள். அகப்பையைத் தொட ஒருவருக்கும் கை வரவில்லை.

"என்னல, இப்படி எல்லாரையும் பயமுறுத்தி வச்சிருக்க" என்றது வார்ப்பு. "ஒருத்தரும் வரலைன்னா என்ன செய்வ?"

அகப்பை வரிசையைப் பார்த்தது. புளியமரம் வரைக்கும் வாளிகள்.

"வருவாங்க" என்றது. "பசிக்கும்லா."