கையிலிருந்த கேபிள்

கண்ணுக்குப் புலப்படாது எங்கும் நிறைந்திருக்கும் பரம்பொருளை வணங்கி இதைச் சொல்கிறேன்.

ரேடியோ அலைகளை ஆராயும் கூடமொன்றில் மரகதவல்லி உதவியாளராக இருந்தாள். மூன்று நாட்களாக, அலை எழுப்பும் மின்சுற்றுப் பலகையான சோதனைப் போர்டு ஒன்று ஊமையாய்க் கிடந்தது. இயக்குநர் ஆளவந்தார் கணினியிலிருந்து அதற்கு இயக்க அமைப்புகளை எழுதி அனுப்பும்போதெல்லாம் திரை ‘வெற்றி’ என்றது. அலை மட்டும் எழவில்லை.

“சாஃப்ட்வேர் பொய் சொல்லுமாம்மா? போன மாசம் இங்க வேலை பார்த்த காண்டீபன் ஒரு போர்டைக் கருக்கினான், அவனை வேலையை விட்டு அனுப்பிட்டேன். இதை நீ கருக்கியிருக்கே. சாயங்காலத்துக்குள்ள பேச வை, இல்லைன்னா நீயும் கிளம்பு” என்றார் அவர்.

வேலை போனால் அவள் வீட்டில் உலை ஏறாது. செய்வதறியாது கலங்கியவள், போர்டையும் கணினியையும் இணைக்கும் கேபிளைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள்.

“கடைசியா ஒரு தடவை எழுதுங்க சார்.”

எழுதினார். திரை ‘வெற்றி’ என்றது.

“கேபிள் என் கையில இருக்கே சார். யாருக்கு எழுதினீங்க?”

போர்டு இல்லாமலே பழகிப் பார்ப்பதற்கான டெமோ நிலையில் மென்பொருள் இருந்தது; அந்நிலையில் எதை எழுதினாலும் ‘வெற்றி’ என்றே காட்டும். ஒரு மாதத்துக்கும் முன்னே அப்படி வைத்தவரும் அவரே, மறந்தவரும் அவரே. அதை மாற்றிக் கேபிளைச் செருகியதும் அலை எழுந்தது.

கெட்டுப்போனவற்றைப் போடும் பெட்டியில் கிடந்த காண்டீபனின் போர்டையும் அவள் எடுத்துச் செருகினாள். அதிலும் எழுந்தது. காண்டீபன் எங்கே போனான் என்று அங்கு ஒருவருக்கும் தெரியவில்லை.

இதைக் கேட்டோர் எவரும் செய்யாத பழியைச் சுமவாதிருக்க இறைவன் அருள்வானாக.