பத்தாம் குட்டி

"குருவே, பத்துக் கப்பல்ல முதல்ல முடிஞ்சது என்னோடதுதான். இன்னும் ஏன் கிண்ணத்தைத் தொட மாட்டேங்கிறீங்க?"

கேட்டவன் ஆம்ப்ரோஸ். தேம்ஸ் ஆற்றங்கரையில் போர்க்கப்பல் கட்டுகிறவன். குரு சில்வெஸ்டர் அவனைவிட எட்டு வயது இளையவர். அதில் சீடனுக்கு உள்ளூரக் கொஞ்சம் எரிச்சல்தான். ஆனால் பலகையைத் தட்டிப் பார்த்தே அதன் யோக்கியதையைச் சொல்லிவிடுகிற ஆளிடம் என்னத்தைக் கோபித்துக்கொள்வது?

இங்கிலாந்து ராஜா ஒரே அளவில் பத்துக் கப்பல் கேட்டிருந்தார். எல்லாவற்றுக்கும் சிங்கக்குட்டி என்றே பெயர். தனித்தனிப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். முதலில் தண்ணீரில் இறங்குவது ஒன்றாம் குட்டி, கடைசியில் இறங்குவது பத்தாம் குட்டி. ஆம்ப்ரோஸ் தன் கப்பலின் பின்புறத்தில் ஒன்று என்று தங்க நிறத்தில் எழுதியே வைத்துவிட்டான்.

குரு வெள்ளிக் கிண்ணத்தில் ஒயின் குடித்து, மிச்சத்தைத் தளத்தில் ஊற்றி, கிண்ணத்தை ஆற்றில் எறிய வேண்டும். அதன் பிறகுதான் கப்பல் இறங்கும். அதுதான் அங்கே வழக்கம்.

குரு கிண்ணத்தைத் தொடவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுக்கையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"இதுல நானும் கடலுக்குப் போறேன்."

"நீங்களா? எதுக்கு?"

"நல்ல கப்பல்தானே?"

"இதைவிட நல்ல கப்பல் இந்தக் கரையில கிடையாது."

"அப்புறம் என்ன?"

கீழ்த்தளத்துக்கு இறங்கினார். விரலால் பலகைகளைத் தட்டிக்கொண்டே போனவர், இடப்பக்கம் ஓரிடத்தில் நின்று படுக்கையை விரிக்கக் குனிந்தார்.

"அங்க வேண்டாம் குருவே. முன்பக்கம் நல்லா காத்து வரும்."

"எனக்குக் காத்து ஆகாது."

"அங்க வேண்டாம்."

குரு நிமிர்ந்தார்.

ஆம்ப்ரோஸ் குனிந்து அந்த இடத்துப் பலகையைத் தொட்டான்.

"அந்த ஒரு பலகை மட்டும் பச்சை மரம். காஞ்ச ஓக் மரம் தீந்துபோச்சு. வர இருபது நாள் ஆகும்னாங்க. தார் பூசி மறைச்சிட்டேன். அது சுருங்கித் தண்ணி வர ஆறு மாசமாவது ஆகும்."

"இதுல எத்தனை பேர் போறாங்க?"

"அறுபது."

குரு படுக்கையைச் சுருட்டிக்கொண்டு ஏணியில் ஏறிப் போய்விட்டார்.

அன்றைக்கே ஆம்ப்ரோஸ் தன் கையாலேயே அந்தப் பலகையைப் பெயர்த்தான். காய்ந்த ஓக் வந்து சேர இருபது நாள் இல்லை, முப்பத்தொரு நாள் ஆனது. அதற்குள் மற்ற ஒன்பது குட்டிகளும் அவன் கண்ணெதிரே ஒவ்வொன்றாக இறங்கின. பொய் சொல்வானேன், ஒவ்வொரு தடவையும் அவனுக்கு வயிறு எரிந்தது.

பலகையைப் பொருத்திய பிறகு, தங்க எண்ணைச் சுரண்டிவிட்டுப் பத்து என்று எழுதினான். நாலடி தள்ளி நின்று பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது.

கடைசிக் கப்பலை வேடிக்கை பார்க்கக் கரையில் கூட்டமில்லை. குரு மட்டும் நேரத்துக்கு வந்தார். தோளில் படுக்கை, கையில் வெள்ளிக் கிண்ணம்.

குடித்தார். ஊற்றினார். எறிந்தார்.

பிறகு நேரே கீழ்த்தளத்துக்கு இறங்கி, இடப்பக்கம் அதே இடத்துக்குப் போனார்.

புதுப் பலகையை ஒட்டி ஏற்கெனவே ஒரு படுக்கை விரித்துக் கிடந்தது.

"கொஞ்சம் தள்ளி விரிங்க குருவே," என்றான் ஆம்ப்ரோஸ். "இது என் இடம்."